மூட்டை எறக்கு

யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை ஆட்டத்துக்கு முந்தின நாளே ஒரு தாளில் எழுதிவிடுவேன். மூன்று வருடம் அதுதான் என் வேலை.

போடியில் எனக்கு மைக் செட்டுக் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு, எதற்குக் கூப்பிட்டாலும் போய் ஸ்பீக்கர் கட்டுவேன். என் மனைவியின் தம்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜிம் வைத்திருந்தான். அவனிடம் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் திரியும் ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் மேடை போடுகிற இரும்பும் ஊரையே எழுப்புகிற சத்தமும் இருந்தது. டிவியில் வருகிற ரெஸ்லிங்கை நாமே போட்டால் என்ன என்று ஒரு நாள் ஆரம்பித்தான். "மச்சான், கரகாட்டத்துக்குக் கூட்டம் வருது, பாட்டுக் கச்சேரிக்குக் கூட்டம் வருது. அடிதடிக்கு வராதா?" என்றான். அடிதடிக்கு வராத கூட்டம் எந்த ஊரில் இருக்கிறது? ஆரம்பித்தோம்.

இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடுக்கி, அதற்கு மேல் இரண்டு அடுக்கு நார் மெத்தை விரித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டுவோம். சுற்றிலும் ஜீப்பில் லோடு கட்டுகிற கயிறு. அது உடம்பைக் கிழிக்காமல் இருக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாயை நீளவாக்கில் கீறி அதன் மேல் மாட்டியிருந்தோம். "எல்லாம் பொய்யிப்பா" என்று முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களோடு நான் மல்லுக்கு நின்றதில்லை. ஜெயிப்பது பொய், முறைப்பது பொய், பழிவாங்குவேன் என்று மைக்கில் கத்துவது பொய். விழுவதில் மட்டும் பொய் கிடையாது. மேலேயிருந்து விழுந்தால் பலகை அடிக்கத்தான் செய்யும். ஆறு பேர் எங்களிடம் ஆடினார்கள், ஆறு பேருக்கும் ஏதாவது ஒரு மூட்டு எப்போதும் வீங்கியிருக்கும். தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

முதல் ஆறு மாதம் கூட்டம் சுமார். பிறகுதான் ஒன்று புரிந்தது. நல்லவன் ஜெயிப்பதைப் பார்க்க யாரும் வருவதில்லை, கெட்டவன் உதை வாங்குவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எங்கள் நல்லவன் தயாராக இருந்தான். பக்கத்துச் சிலமலைக் கிராமத்துக்காரன், காலையில் அப்பாவோடு வயலில் நின்றுவிட்டு மதியத்துக்கு மேல் ஜிம்முக்கு வருகிறவன், பார்க்க லட்சணமாக இருப்பான். அவனிடம் உதை வாங்க ஒரு மலை வேண்டியிருந்தது. மச்சினன் ஒரு ஏலக்காய் குடோனில் போய் அந்த மலையைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தான்.

அவர் சுமை தூக்குகிறவர். நாற்பது வயது இருக்கும். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ஏறாத சரிவுகளிலிருந்து ஏலக்காய் மூட்டையும் காப்பிக்கொட்டை மூட்டையும் தலையில் வைத்து இறக்கியே வளர்ந்தவர். மீசை முளைக்கும் முன்னால் தலையில் சும்மாடு ஏறிவிட்டது என்று அவரே சொல்வார். துண்டைச் சுருட்டி வட்டமாகத் தலையில் வைத்து அதன் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டால், வழுக்குப் பாறையில்கூடக் கையை விட்டுவிட்டு நடந்து வருவாராம். பிறகு கல்யாணம் ஆகி, போடிக்கு வந்து, குடோன் வாசலில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். கழுத்து தோளிலிருந்து அப்படியே தலைக்குப் போயிருந்தது. நடுவில் கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது.

எங்கள் ஊரில் இது ஒரு நம்பிக்கை. தலைச்சுமைக்காரன் கழுத்து உடையாது என்பார்கள். சுமந்து சுமந்து இறுகிப்போயிருக்கும் என்பார்கள். ஏலக்காய் வியாபாரி சொல்வார், ஜீப்பு டிரைவர் சொல்வார், சுமக்கிறவர்களே மார்தட்டிச் சொல்வார்கள். குடோனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவரை முதல்முதலாகப் பார்த்தபோது நானும் சொன்னேன். அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தேக்கு மரம்டா மாப்ளே இது. தலகீழாப் போட்டாலும் மேடைதான் ஒடையும், இவருக்கு ஒண்ணும் ஆகாது." அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் யார்?

அதே டீக்கடையில் அவருக்கு இன்னொரு பேரும் இருந்தது. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எத்தனை எம்எம் என்று பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். எட்டு எம்எம் காய்க்குத் தனி மரியாதை. இவருக்குச் சல்லடை வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுவார். ஒரு காயை வைத்தால் இரண்டு விரலால் ஒரு உருட்டு உருட்டி, "ஏழர" என்பார், "எட்டு" என்பார். தப்பாது. மைக்கில் கத்துகிறவன் என்பதால் தொண்டைக்காக என் சட்டைப் பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும். என்னைப் பார்த்தாலே, "அண்ணே, ஒரு காயி வையிங்க" என்று கையை நீட்டிவிடுவார். தோற்றவர் டீ வாங்க வேண்டும். முக்கால்வாசி டீ என் செலவுதான்.

அவருக்காக ஒரு அடி கண்டுபிடித்தோம். சிலமலைக்காரன் அவரைத் தோளில் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, ஒரு சுற்றுச் சுற்றி மேடையில் போடுவான். ஊரே ஏலக்காய் மூட்டையில் பிழைக்கிற ஊர், அதனால் மூட்டை எறக்கு என்று நான் மைக்கில் பேர் வைத்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலைக்கு மேலே போனதும் மைதானம் முழுக்க, "எறக்கு! எறக்கு!" என்று கத்தும்.

அந்த அடியை வாங்க ஒரு முறை இருக்கிறது. கீழே வரும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது முதுகின் மேல்பகுதிதான் முதலில் படும், தலை தப்பிக்கும். ஜிம்மில் பத்து நாள் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கு வரவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தலையில் மூட்டையோடு நடந்தவர் அவர். மூட்டை தலையில் இருக்கும்போது கழுத்தை வளைத்தால் மூட்டையும் போச்சு, ஆளும் போச்சு. அதனால் ஆபத்து என்றாலே அவர் கழுத்து தானாக விறைத்துக்கொண்டு நேராக நின்றுவிடும். தலைகீழாக வரும்போதும் நின்றது. உச்சந்தலையில்தான் விழுந்தார். விழுந்து எழுந்து, தலையை ஒரு உதறு உதறிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே" என்றார். நாங்கள் கைதட்டினோம். தேக்கு என்று சொன்னேனா இல்லையா என்று மச்சினனைப் பார்த்துக் கண்ணடித்தேன், கூறுகெட்டவன்.

அதோடு விட்டேனா? பலகைக்கு அடியில் ஒரு மைக்கைக் கட்டினேன். விழுகிற சத்தம் ஸ்பீக்கரில் இடி மாதிரி வர வேண்டும் என்று ஆசை. நார் மெத்தை இரண்டு அடுக்கு இருந்ததால் சத்தம் பொத்தென்று அமுங்கியது. ஒரு அடுக்கை உருவி எடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சத்தம் வந்தது பாருங்கள், முன்வரிசையில் ஒரு அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "அந்த மூட்டைக்காரர் வருவாருல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொல்வார்கள். தாளில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மூட்டை எறக்கு என்று எழுதிக்கொண்டிருந்தவன், நடுவில் ஒன்று கடைசியில் ஒன்று என்று இரண்டாக்கினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

முதலில் சொன்னது சிலமலைக்காரன்தான். ஒரு ஆட்டம் முடிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அவரப் போடும்போது தோளு மேல ஒரு மாதிரி வெட்டுது. கரண்டு அடிச்ச மாதிரி உடம்பு துள்ளுது. எனக்குப் பயமா இருக்கு."

"ஒனக்குத் தூக்கத் தெரியல. ஒழுங்காப் பிடி" என்றேன். பையன் கயிற்றின் மறுமுனையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

அடுத்தது டம்ளர். டீக்கடையில் அவர் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்து உடைந்தது. கடைக்காரர் திட்டினார், அவர் சிரித்தார். அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஒரு நாள் கண்ணை மூடிக் கையை நீட்டினார், நான் ஒரு காயை வைத்தேன். ரொம்ப நேரம் உருட்டினார். "எட்டு" என்றார். அது ஆறரைகூட இருக்காது, சோடைக் காய். டீக்கடையே சிரித்தது. "மூட்டக்காரருக்கு வயசாயிருச்சுடோய்" என்று முதலில் சொன்னது நான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஓசி டீ குடித்த சந்தோஷம் எனக்கு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி கடைக்கு வந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காய் பறிக்கிற வேலை அதற்கு. விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால் பொழுதுசாயத்தான் திரும்பும். லீவு நாளில் துணி துவைக்காமல் என்னைத் தேடி வந்திருக்கிறது என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அவரால சட்டப் பித்தான் போட முடியல. ஒரு மாசமா நாந்தேன் போட்டு விடுறேன். சோத்தப் பெசஞ்சா பாதி தட்டுல, பாதி தரையில. குனிஞ்சா முதுகுல கரண்டு பாயுதுங்குறாரு. இது என்னாண்ணே?"

"ஆட்டத்துல அடி படுறதுதான் தங்கச்சி. தைலம் போடு, சரியாப் போகும்."

"தைலம் போட்டாச்சு. எங்க எஸ்டேட்ல ஒரு மலையாளத்துச் சேச்சி, அது அண்ணன் மரத்துல இருந்து விழுந்து இப்பிடித்தேன் ஆரம்பிச்சுச்சாம். இப்ப கெடையா கெடக்குறாரு, பீ மூத்தரம் எல்லாம் படுக்கையில. 'சூக்ஷிச்சோ'னு என்கிட்டத் தெனமும் சொல்லுது, பத்தரமா பாத்துக்கன்னு. நான் என்னத்தப் பாக்க? விழுகுறது அவரு, விழச் சொல்றது நீங்க. நீங்கதேன் பாக்கணும்."

அது குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதனால் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், பிறவிக் குணம்.

அந்த மாதக் கடைசியில் போடியிலேயே பெரிய மைதானத்தில் ஆட்டம் வைத்திருந்தோம். கேபிள் டிவிக்காரர்கள் வந்து படம் பிடிப்பதாக இருந்தது. அது நன்றாக வந்தால் மதுரைப் பக்கம் கூப்பிடுவார்கள் என்று மச்சினன் ராப்பகலாக அதே கனவில் இருந்தான். ஊர் முழுக்க ஒட்டின போஸ்டரில் இவர் முகம்தான் பெரிது. அவர் மனைவி வந்து போனதை நான் போய்ச் சொன்னபோது, "மச்சான், இந்த ஒரு ஷோ. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் ஆறு மாசம்னாலும் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான். நானும் சரி என்றேன். ஆனாலும் அந்தப் பெண் சொன்னது காதில் இரைந்துகொண்டே இருந்தது. தேனிக்குக் கூட்டிப்போய்க் கழுத்தை ஒரு ஸ்கேன் படம் எடுத்துக் காட்டி, ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் சொல்லவைத்துவிட்டால் அதன் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனது அதற்குத்தான். அக்கறையில் போனேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், கேட்கிறவர்களும் நம்புவார்கள்.

நரம்பு டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். நடக்கச் சொன்னார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் எகிறிக் குதித்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார். "என்ன இது?" என்றார். இவர் யோசித்துவிட்டு, "காசுங்க" என்றார். டாக்டர் மேஜையில் வேறு எதையோ தேடினார். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்தார். உருட்டிப் பார்க்கப் பார்க்க அது விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தது தெரியாமல் இவர் வெறும் விரல்களை உருட்டிக்கொண்டே இருந்தார். "பேனா மூடியா?" என்றார். நான் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

படம் வந்தது. வெளிச்சத்தில் வைத்து டாக்டர் பேனா முனையால் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்து பிதுங்கி, உள்ளே போகிற நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"எத்தன வருசம் தலைச்சுமை?"

"இருபத்தஞ்சு இருக்கும் சார்."

"இது இன்னைக்கு நேத்து ஆனது இல்ல. சுமந்தே பாதி தேஞ்சிருச்சு. இந்தக் கழுத்த வச்சுக்கிட்டுத் தலகீழா வேற விழுந்திருக்கீங்க. யாரு சொன்னா ஒங்க கழுத்து பலமா இருக்குன்னு?"

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எல்லாரும் சொல்லுவாங்க சார்" என்றார்.

இனி தலையில் ஒரு கிலோகூட ஏற்றக் கூடாது, விழவே கூடாது, இன்னொரு தடவை உச்சந்தலையில் விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாமல் போகலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம், போன உணர்ச்சி திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். மெத்தை என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு நான் உருவி எடுத்த மெத்தை ஞாபகம் வந்தது. கடையின் பின்பக்கம் சுருட்டி வைத்து, ஸ்பீக்கர்களுக்கு அணைவாகக் கொடுத்திருந்தேன். டாக்டரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்சில் அவர் கழுத்தில் புதுப்பட்டையோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், "மூட்டையும் தூக்கக் கூடாது, விழவும் கூடாதுன்னா நான் என்ன சோலி பாக்கண்ணே?" என்று கேட்டார். "கடைக்கு வாங்க, பாத்துக்குவோம்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே அவரை முழுசாக நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. போஸ்டரில் முகம் இருக்கிறது, ஆள் மேடையில் நின்றாலாவது போதும் என்று மச்சினன் கெஞ்சினான். அவரும், "நிக்கவாச்சும் விடுங்கண்ணே" என்றார். நான் தாளை எடுத்துப் புதிதாக எழுதினேன். மூட்டை எறக்கு கிடையாது. யாரும் அவரைத் தூக்கக் கூடாது. இரண்டு நிமிடம் முறைத்துக்கொள்வார்கள், சிலமலைக்காரன் கால் வழுக்கித் தானாக விழுவான், இவர் ஜெயிப்பார். அவர் எங்களிடம் வந்ததிலிருந்து முதல் தடவை. எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் வந்தால் ஏலக்காயைக் கோத்து மாலை போடுகிற வழக்கம் உண்டு. எங்கள் மேடையிலும் ஜெயித்தவனுக்கு அதுதான். அன்றைக்கு அவருக்கு நல்ல பச்சைக் காயாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன்.

சாயங்காலம் கூட்டம் அலைமோதியது. கேபிள்காரர்கள் இரண்டு கேமரா வைத்திருந்தார்கள். அவர் பட்டையைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். ஏறினதுமே ஆரம்பித்துவிட்டார்கள், "எறக்கு! எறக்கு!" என்று. முறைத்தார்கள், சுற்றி வந்தார்கள். கத்தல் கூடிக்கொண்டே போனது. மூன்று வருடமாக மைக்கில் கத்தி அந்தக் கூட்டத்துக்குப் பழக்கிவிட்டவன் நான். தாளில் எழுதினது எனக்கும் அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாதே.

சிலமலைக்காரன் வழுக்கி விழுவதற்குக் காலை எடுத்து வைத்தான். இவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்திக் காதில் ஏதோ சொன்னார். பலகைக்கு அடியில் இருந்த மைக்கை நான் அணைத்திருந்தேன், ஆனாலும் உதட்டசைவில் தெரிந்தது. "தூக்குடா தம்பி." அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். இவர் அவன் தோளில் தானாகவே சாய்ந்து ஏறினார். அத்தனை கனம் மேலே வந்து விழுந்தால் அவன் என்ன செய்வான், தூக்கித்தான் ஆக வேண்டும். இரண்டு கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. மைதானமே எழுந்து நின்றது.

ஆட்டத்தை நிறுத்த அடிக்கிற மணி என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குக் கை வரவில்லை. கேமரா ஓடுகிறது, கூட்டம் வெறி பிடித்துக் கத்துகிறது, இதைவிடப் பெரிய நிமிடம் எங்களுக்கு வந்ததில்லை. விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், மனசில் ஓடியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு மணியை அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். "எறக்காத! பையக் காலத் தரையில வையி! எறக்குனே கொன்னுபுடுவேன்!" என்று மைக்கில் கத்தினேன். ஊருக்கே கேட்டது. பையன் முட்டைக் கூடையை இறக்குகிற மாதிரி அவரை மெல்லத் திருப்பிக் காலை ஊன்ற வைத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஒன்று என் காதில் பட்டது. நான் மேடை ஏறி, இவர்தான் ஜெயித்தார் என்று சொல்லி மாலையைப் போட்டேன். ஒரு ஆள்கூடக் கைதட்டவில்லை. அவர் மாலையைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"விட்டிருக்கலாம்லண்ணே. ஊரு முன்னாடி என்னைய ஆம்பள இல்லைன்னு ஆக்கிட்டீங்களே."

அந்த மாலையைக் கடைசியில், மேடைக்குக் கீழே நின்றிருந்த அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டது. "அவரு பேசுறதப் பெருசா எடுக்காதீங்க" என்றது. நன்றி எல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பிறகு என் கடையில் உட்கார்ந்தார். போன் எடுப்பார், பின்பக்கம் போய் ஸ்பீக்கரை எண்ணிப் பார்த்து எந்த ஊருக்கு எத்தனை என்று சொல்வார். நான் ரெஸ்லிங் பக்கம் போவதை விட்டுவிட்டேன், மச்சினன் விடவில்லை. எட்டு ஒன்பது மாதம் போனது. ஒரு நாள் அவரும் மச்சினனும் சேர்ந்து வந்து என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார்கள்.

"மச்சான், இவருக்கு எல்லாம் சரியாப் போச்சாம். திருவிழாவுக்கு ஒரே ஒரு ஆட்டம் கேக்குறாங்க. மூட்டக்காரர் திரும்பி வர்றாருன்னு போஸ்டர் அடிச்சா மைதானம் தாங்காது" என்றான் மச்சினன்.

"வெரலு திரும்பிருச்சுண்ணே" என்றார் அவர். "பித்தான் நானே போடுறேன்." சட்டையைக் காட்டினார். பித்தான் சரியாகத்தான் போட்டிருந்தது. போட்டு விட்டது யார் என்று நான் கேட்கவில்லை. "நம்பலையா? ஒரு காயி வையிங்க."

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. நான் பையிலிருந்து ஒரு காயை எடுத்தேன். அவர் கைக்கு மேலே கொண்டு போனேன். வைக்கவில்லை. மச்சினன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம், வச்சாச்சு" என்றேன்.

அவர் விரல்களை மடக்கினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று உருட்டின. நிதானமாக, அனுபவித்து உருட்டினார்.

"எட்டு எம்எம்" என்றார். "நல்ல காயிண்ணே. தெரட்சியா இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார், வெறும் கையைப் பார்த்தார். நழுவி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கழுத்து வளையாததால் இடுப்போடு குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினார். டீக்கடைத் தரையில் அந்தக் கையால் தடவித் தடவித் தேடினார். எனக்குத் தாங்கவில்லை.

"தேடாதீங்கப்பு. நான் வைக்கவே இல்ல."

அவர் நிமிர்ந்து உட்கார ரொம்ப நேரம் ஆனது. மச்சினன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டான். அவர் என் கையிலிருந்த காயை வாங்கி, உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏழர" என்றார். சரியாகச் சொன்னார்.

பிறகு அதை என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். முதல் தடவை பைக்கு வெளியே போனது, இரண்டாம் தடவை விழுந்தது.

"ஒங்க மச்சினன்கிட்டச் சொல்லிருங்கண்ணே, வேற ஆளப் பாக்கட்டும்" என்றார். "வர்றவனுக்கு ரெண்டு மெத்தையும் போடச் சொல்லுங்க."